ஐரோப்பாவுல 21 நாள், நாங்களே கார் ஓட்டி: ஒரு காங்கேயம் ஜோடியோட முழுக் கணக்கு (கடன் வாங்காம)



"ப்ரோ, ரெண்டு பேரும் சம்பாதிக்கறோம். ஐரோப்பா போகணும்னு ஆசை. பர்சனல் லோன் எடுக்கலாமா?" நம்ம சேனலுக்கு அதிகமா வர்ற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு. பதில் ஒரே வார்த்தைதான்: வேண்டாம். ஆனா வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டுப் போனா உங்களுக்கு என்ன பிரயோஜனம்? அதனால நானும் என் மனைவியும் 2025 ஆகஸ்ட் 30-லிருந்து செப்டம்பர் 19 வரைக்கும் போய்ட்டு வந்த டிரிப்போட கணக்கை இன்னைக்கு அப்படியே உங்க முன்னாடி வைக்கறேன். சேர்த்த கணக்கு, செலவான கணக்கு, நடுவுல நான் பண்ணின ஒரு பெரிய தப்பு, எல்லாமே இதுல இருக்கு.

எங்களைப் பத்தி ரெண்டு வரி. சொந்த ஊர் காங்கேயம். நான் கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனி, வாரத்துல ரெண்டு மூணு நாள் வீட்டுல இருந்தே வேலை. மனைவி திருப்பூர்ல ஒரு பையிங் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசர். அப்பாவுக்கு ஊர்ல கொஞ்சம் தென்னந்தோப்பு. அதாவது, உங்கள்ல பல பேர் மாதிரியேதான் நாங்களும்.

முதல்ல, லோன் ஏன் வேண்டாம்?

6 லட்ச ரூபாய் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு வெச்சுக்குவோம். மாச இஎம்ஐ சுமார் 20,500 ரூபாய். கட்டி முடிக்கறப்ப மொத்தம் 7,38,000. வட்டி மட்டும் 1,38,000 ரூபாய். எங்க ரெண்டு பேர் விமான டிக்கெட்டை விட அதிகம்!

இன்னொரு விஷயம். மூணு வாரத்துல போய்ட்டு வந்துருவீங்க, ஆனா மூணு வருஷம் மாசாமாசம் கட்டணும். அதுக்குள்ள ஒருத்தருக்கு வேலை போனாலோ, வீட்டுல குழந்தை வந்தாலோ, அந்த 20,500 நிக்காது. அதே மாச இஎம்ஐயை டிரிப்புக்கு முன்னாடியே உங்களுக்கு நீங்களே கட்டிக்கிட்டா அதுக்குப் பேரு சேமிப்பு. வட்டியும் உங்களுக்குத்தான் வரும்.

நாங்க எப்படிச் சேர்த்தோம்?

2023 ஜனவரியில ஆரம்பிச்சோம். ஆளுக்கு 11,000 வீதம் மாசம் 22,000 ரூபாய். 2024 செப்டம்பர்ல கிளம்பணும், கைல 5 லட்சம் இருக்கணும். இதுதான் முதல் பிளான்.

பணத்தை எங்க போட்டோம்னு கேப்பீங்க. பாதி ஆர்டி, பாதி லிக்விட் ஃபண்ட். பங்குச்சந்தை பக்கமே போகல. ரெண்டு வருஷத்துல கண்டிப்பா தேவைப்படற காசை ஈக்விட்டியில போட்டா, நீங்க டிக்கெட் போடற மாசம் பார்த்து மார்க்கெட் 15% இறங்கி நிக்கலாம். உங்க லீவு தேதி மார்க்கெட்டுக்குத் தெரியாதுங்க. ரிட்டயர்மென்ட் எஸ்ஐபி அது பாட்டுக்கு ஓடட்டும், டிரிப் காசு தனியா நிக்கட்டும்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்பதான் 2024 கோடை வந்துச்சு.

நான் பண்ணின தப்பு

அந்த வருஷம் ஏப்ரல் வெயில் கொங்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு மறந்திருக்காது. கெணத்துல தண்ணி இல்ல. ஏற்கனவே இருந்த போரும் காத்துதான் வாங்குச்சு. தென்னை மட்டை ஒவ்வொண்ணா தொங்க ஆரம்பிச்சிருச்சு. அக்கம்பக்கத்துல லாரித் தண்ணி வாங்கி மரத்துக்கு ஊத்திட்டு இருந்தாங்க. அப்பா ஒரு ராத்திரி போன் பண்ணினாரு. "கண்ணு, புதுசா ஒரு போர் போட்டாத்தான் மரம் நிக்கும் போலிருக்குது. கையில ஏதாச்சும் இருக்குதா?"

அவரு அப்படிக் கேக்கற ஆள் இல்ல. நான் யோசிக்கவே இல்ல. "இருக்குதுங்கப்பா, நாளைக்கே அனுப்பறேன்"னு சொல்லிட்டேன். போர், பைப்பு, மோட்டார் எல்லாம் சேர்த்து 1,90,000 ரூபாய். அன்னைக்கு டிரிப் கணக்குல இருந்தது 3,52,000. பாதிக்கு மேல ஒரே நாள்ல போயிருச்சு. 850 அடியில ரெண்டு இஞ்ச் தண்ணி வந்துச்சு. கொஞ்சம் மரம் பட்டுப்போச்சு, மிச்சம் பொழச்சுக்கிச்சு.

இதுல தப்பு எங்கன்னு கேக்கறீங்களா? அந்த 3,52,000-ல பாதி என் மனைவி காசு. நான் அவங்ககிட்ட சொன்னது, பணம் அனுப்பினதுக்கு அப்புறம்.

அவங்க சண்டை போடல. ரெண்டு நாள் சரியாப் பேசல, அவ்வளவுதான். மூணாவது நாள் காபி குடிக்கறப்ப சொன்னாங்க: "குடுத்தது தப்பில்லைங்க. மாமா கேட்டு நானே குடுத்திருப்பேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் காசுக்காக நான் எத்தனை வேண்டாம்னு சொல்லியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்கு நிஜமாவே தெரியாது. ஆபீஸ் தோழிங்களோட போகாம விட்ட ரெண்டு டிரிப், தள்ளிப் போட்ட நகை, புதுசா வாங்காத போன். எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளதான் இருந்துச்சு. நான் எடுத்துக் குடுத்தது வெறும் 1,90,000 ரூபாய்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் மூணு விஷயம் மாத்தினோம். இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்கோங்க.

1. டிரிப் காசுக்குத் தனி ஜாயின்ட் அக்கவுண்ட். அதுவரைக்கும் எல்லாமே என் பேர்லதான் இருந்துச்சு. ஜாயின்ட் அக்கவுண்ட் தொறக்கும்போது எப்படி இயக்கணும்னு ஃபார்ம்ல கேப்பாங்க. பெரும்பாலும் எல்லாரும் 'ஐதர் ஆர் சர்வைவர்'னு டிக் பண்ணிருவாங்க, அதாவது யாராவது ஒருத்தர் கையெழுத்து போதும். நாங்க 'ஜாயின்ட்லி' போட்டோம். ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத்தான் பணம் வெளிய வரும். கொஞ்சம் தொந்தரவுதான். அந்தத் தொந்தரவுக்காகத்தான் போட்டதே.

2. ஊர் நிதி. எங்களுக்கு ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் ஏற்கனவே இருந்துச்சு. ஆனா அது எங்க வாடகை, எங்க மளிகை, எங்க இஎம்ஐக்குப் போட்ட கணக்கு. அப்பா தோப்பு, அத்தை முழங்கால் வலி, தங்கச்சி சீர், இதெல்லாம் அந்தக் கணக்குலயே இல்ல. ஆனா நம்ம வாழ்க்கையில இருக்கு. அதனால மாசம் 5,000 ரூபாய் 'ஊர்'னு பேரு வெச்சுத் தனியா போட ஆரம்பிச்சோம். நீங்களும் உங்க எமர்ஜென்சி ஃபண்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அது உங்க ரெண்டு பேருக்கு மட்டும் போட்டதா, ஊருக்கும் சேர்த்தா?

3. 24 மணி நேர விதி. 10,000 ரூபாய்க்கு மேல யாரு கேட்டாலும் உடனே சரின்னு சொல்றதில்ல. "வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்றேங்க." பெத்தவங்களா இருந்தாலும் இதேதான். ஒரு நாள்ல எந்தப் போரும் வத்திடாது.

டிரிப்பை ஒரு வருஷம் தள்ளி வெச்சோம். இன்க்ரிமென்ட் வந்துச்சு, டூவீலர் இஎம்ஐ முடிஞ்சுச்சு, அதனால மாசம் 25,000-ஆ ஏத்தினோம். மீதி இருந்த 1,62,000. அடுத்த 16 மாசத்துல 4,00,000. தீபாவளி போனஸ்ல 50,000. வட்டி சுமார் 20,000. மொத்தம் 6,32,000 ரூபாய்.

தள்ளி வெச்சதுக்கு யூரோ கேட்ட விலை

2025 ஜனவரியில ஒரு யூரோ 90 ரூபாய் பக்கம் இருந்துச்சு. நாங்க கிளம்பறதுக்குள்ள 100-ஐத் தாண்டிருச்சு. எங்களுக்குச் சராசரியா விழுந்தது 102 ரூபாய்.

அங்க யூரோவுல செலவானது சுமார் 4,440 யூரோ. 90 ரூபாய்னா 3,99,600. 102 ரூபாய்க்கு 4,52,880. அதே ரூம், அதே கார், அதே இட்டாலியன் காபி, ஆனா 53,280 ரூபாய் கூடுதல்.

யூரோ ஏறினா எக்ஸ்போர்ட் பண்ற திருப்பூருக்கு சந்தோஷம், டிரிப் போறவனுக்கு வயித்தெரிச்சல். எங்க வீட்டுல ரெண்டும் ஒரே சாப்பாட்டு மேசையில உக்காந்திருந்துச்சு! சிவன்மலை உத்தரவுப் பெட்டியில அடுத்து என்ன பொருள் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. கரன்சி ரேட்டும் அப்படித்தான். அதனால பட்ஜெட் போடறப்ப இன்னைக்கு ரேட்டுக்கு மேல 10% சேர்த்துப் போடுங்க. ரூம், கார் மாதிரி பெரிய செலவை ரெண்டு மூணு தவணையா வேற வேற மாசத்துல கட்டுங்க. ஒரே நாள் ரேட்ல மாட்டிக்க வேண்டியதில்ல.

ரூட்: செலவு இங்கதான் தீர்மானமாகுது

நாங்க போனது ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவேனியா. மியூனிக்ல ஆரம்பிச்சு மியூனிக்லயே முடிச்சோம். வழி இதுதான்: மியூனிக், சால்ஸ்பர்க், செல் ஆம் ஸீ, இத்தாலியோட டோலமைட்ஸ் மலை, வெனிஸுக்குப் பக்கத்துல மெஸ்த்ரே, பிளெட், லூப்லியானா, வியன்னா, மறுபடி மியூனிக். மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர்.

ஏன் இந்த நாலு நாடு?

- நாலும் ஷெங்கன். ஒரே விசா போதும்.
- நாலுலயும் யூரோ. கரன்சி மாத்தற செலவு ஒரு தடவைதான். சுவிட்சர்லாந்து ஆசை இருந்துச்சு, ஆனா அங்க ஃபிராங்க் தனி. நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் வருஷ ஸ்டிக்கர் வாங்கியே ஆகணும், ரெண்டு நாளுக்குன்னு தனியா கிடையாது. விட்டுட்டோம்.
- எடுத்த ஊர்லயே காரை விட்டா ஒன்-வே கட்டணம் இல்ல. ஒரு நாட்டுல எடுத்து இன்னொரு நாட்டுல விட்டா அந்தக் கட்டணமே பல சமயம் வாடகையில பாதிக்கு வந்துரும்.

தேதி தேர்வுலயும் காசு இருக்கு. முதல்ல ஆயுத பூஜை லீவோட சேர்த்துப் போகலாம்னுதான் இருந்தோம். மியூனிக் ரூம் வாடகையைப் பார்த்தா தலை சுத்துச்சு. காரணம் அக்டோபர்ஃபெஸ்ட். பேருதான் அக்டோபர், 2025-ல அது தொடங்கினது செப்டம்பர் 20. அதனால செப்டம்பர் 19 அன்னைக்கே விமானம் ஏர்ற மாதிரி மாத்தினோம். செப்டம்பர் 5 மிலாடி நபி லீவு, சனி ஞாயிறு எங்களுக்கு லீவு, ஆக 21 நாள் டிரிப்புக்கு ஆபீஸ்ல போட்டது 14 நாள் லீவு.

இன்னொண்ணு: எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமான்னு கேக்காதீங்க. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில இருந்தா மட்டும்.

விசா: பேங்க் ஸ்டேட்மென்ட் பேசும்

எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். எங்களுக்கு 20 ராத்திரியில ஆஸ்திரியா 8, இத்தாலி 5, ஸ்லோவேனியா 4, ஜெர்மனி 3. அதனால ஆஸ்திரியா. சமமா வந்தா முதல்ல நுழையற நாடு.

2024 ஜூன்லிருந்து பெரியவங்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தோட சர்வீஸ் சார்ஜ் தனி. விசா மறுத்தாலும் இந்தக் காசு திரும்பி வராது. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்து, கடைசி 15 நாளுக்கு முன்னாடி வரைக்கும் விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, கோடை சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே கஷ்டம். குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் இருக்கற டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். கைரேகை குடுக்க நேர்ல போகணும். நாங்க ஈரோட்டுல ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில சென்னையில இறங்கி, வேலையை முடிச்சுட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்பினோம்.

பேங்க் ஸ்டேட்மென்ட்ல மாசாமாசம் சம்பளம் வந்து, கொஞ்சம் கொஞ்சமா மீதி ஏறிட்டு வர்றது அவங்களுக்குத் தெரியணும். விண்ணப்பிக்கறதுக்கு முந்தின வாரம் மாமா கணக்குல இருந்து அஞ்சு லட்சம் வாங்கிப் போட்டீங்கன்னா, அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேள்வி வரும். ரெண்டு வருஷம் ஒழுங்காச் சேர்த்தவங்களுக்கு விசா ஃபைல் தானாவே ரெடியாயிருக்கும். ரூம் எல்லாம் இலவசமா கேன்சல் பண்ற மாதிரி புக் பண்ணிக்கோங்க.

கார்: கிரெடிட் கார்டு யாருதோ, அவங்கதான் டிரைவர்

இது பல பேருக்குத் தெரியாது. கார் எடுக்கறப்ப கம்பெனி ஒரு டெபாசிட் தொகையை கிரெடிட் கார்டுல நிறுத்தி வைக்கும். கார்டுல இருக்கற பேரும் முதன்மை டிரைவர் பேரும் ஒண்ணா இருக்கணும். பல இடத்துல டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு எல்லாம் இதுக்குச் செல்லாது. எங்களுக்கு நிறுத்தினது 800 யூரோ, அதாவது 80,000 ரூபாய்க்கு மேல. என் கார்டு லிமிட்டே 60,000! மனைவியோட கார்டு லிமிட் 2 லட்சம். ஆக முதன்மை டிரைவர் அவங்க, கூடுதல் டிரைவர் நான்.

ஊர்ல இதைச் சொன்னப்ப அப்பா சிரிச்சாரு. "ஏன் கண்ணு, அத்தனை தூரம் போயி வண்டி ஓட்டோணுமா? நம்மூர்ல ரோடு இல்லையா?" அப்புறம் மெதுவா, "ஆனா மருமக ஓட்டறதுன்னா பயமில்ல"ன்னு ஒரு வார்த்தை. தினமும் காங்கேயம்-திருப்பூர் ரோட்டுல டிப்பர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஓட்டறவங்களுக்கு ஆல்ப்ஸ் மலை ஒண்ணும் பெருசில்லதான்.

கார் விஷயத்துல காசு மிச்சம் பண்ற, காசு போகற இடங்கள்:

- ஐடிபி: இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். ஆர்டிஓ-ல ஆளுக்கு 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். இதோட ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும்.
- ஆட்டோமேட்டிக்: அங்க மேனுவல் கார் வாடகை கம்மி. ஆனா ஸ்டியரிங் இடது பக்கம், ரோட்டுல போறது வலது பக்கம். இதுல வலது கையால கியர் போடறதும் சேர்ந்தா மூளை குழம்பும். கூடுதல் காசு குடுத்து ஆட்டோமேட்டிக் எடுத்தோம். வருத்தமே இல்ல.
- 24 மணி நேரக் கணக்கு: காலை 10 மணிக்கு எடுத்த காரை, விடற அன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்கு விட்டா இன்னொரு முழு நாள் வாடகை விழும். எங்களுக்கு அப்படித்தான் 17 நாள் 18 ஆச்சு.
- மியூனிக்ல கார் வேண்டாம்: முதல் ரெண்டு நாள் ரயில், டிராம்தான். மூணாவது நாள் ஊரை விட்டுக் கிளம்பறப்பதான் கார் எடுத்தோம். வெனிஸுக்கும் காரை மெஸ்த்ரேல விட்டுட்டு ரயில்ல போனோம்.
- ஸ்டிக்கர்: ஆஸ்திரியா நெடுஞ்சாலையில ஓட்ட 'வின்யெட்' வேணும். 2025-ல 10 நாளுக்கு 12.40 யூரோ. போறப்ப ஒண்ணு, திரும்பறப்ப ஒண்ணு வாங்கினோம். ஸ்லோவேனியாவுக்கு ஒரு வாரத்துக்கு 16 யூரோ. இத்தாலியில நம்ம ஊர் மாதிரி டோல் கேட். ஜெர்மனியில காருக்கு டோல் இல்ல. சில சுரங்கம், மலைப்பாதைக்குத் தனிக் கட்டணம்.
- முழு கவர்: சின்னக் கீறலுக்கும் நூத்துக்கணக்குல யூரோ கேப்பாங்க. முதல் தடவை வலது பக்கம் ஓட்டறவங்க முழு கவர் எடுத்துருங்க. கார் வாங்கறப்ப நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைங்க.

அப்புறம் நாங்க கட்டின முட்டாள் வரி. இத்தாலியில பழைய ஊர்களோட மையத்துல 'ஜெட்டிஎல்'னு வெளி வண்டிக்குத் தடை பண்ணின பகுதி இருக்கும். கேமரா நம்பரைப் பிடிச்சுக்கும், யாரும் நிறுத்த மாட்டாங்க. ஒரு சின்ன ஊர்ல நான்தான் ஓட்டினேன், மேப் காட்டின வழியில நேரா உள்ள போயிட்டேன். அப்ப ஒண்ணுமே தெரியல. நாலு மாசம் கழிச்சு ஃபைன் வந்துச்சு, கார் கம்பெனியோட அட்மின் கட்டணமும் சேர்த்து சுமார் 13,000 ரூபாய். அதனால டிரிப் முடிஞ்சாலும் ஆறு மாசத்துக்கு ஒரு 20,000 ரூபாயைத் தொடாம வைங்க.

கார்டு, டிசிஎஸ்: கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

பல கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்-அப், அது மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13%. நாலரை லட்சம் செலவுக்கு 18,500 ரூபாய்க்கு மேல! மார்க்-அப் இல்லாத, இல்ல கம்மியா இருக்கற கார்டைக் கிளம்பறதுக்கு மூணு மாசம் முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. அங்க கடையில மெஷின் "ரூபாயில கட்டறீங்களா, யூரோவுலயா?"ன்னு கேக்கும். எப்பவும் யூரோதான். ரூபாயை அமுக்கினா அவங்க வெச்ச ரேட்.

டூர் பேக்கேஜா வாங்கினா 2025-ல 10 லட்சம் வரைக்கும் 5% டிசிஎஸ் பிடிச்சாங்க. நீங்களே ஃபாரெக்ஸ் கார்டுல ஏத்தினா வருஷத்துக்கு 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் இல்ல. வெளிநாட்டுல கிரெடிட் கார்டு தேய்க்கறதுக்கும் பிடிக்கல. இந்த சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், புக் பண்ற அன்னைக்கு என்னன்னு பாருங்க. டிசிஎஸ் பிடிச்சாலும் அது போன காசு இல்ல. ஐடிஆர்ல திரும்ப வாங்கலாம், இல்ல ஆபீஸ்ல காட்டி டிடிஎஸ்-ல குறைச்சுக்கலாம்.

மொத்தச் செலவு (ரெண்டு பேருக்கு, 21 நாள்)

- விமானம் (கொச்சியிலிருந்து வளைகுடா வழியா மியூனிக், போக வர): 1,16,000
- விசா, இன்சூரன்ஸ், ஐடிபி, சென்னை போய் வந்தது: 35,000
- கார் 18 நாள், முழு கவரோட: 1,08,000
- பெட்ரோல், வின்யெட், டோல், பார்க்கிங்: 47,000
- தங்கினது 20 ராத்திரி: 1,73,000
- சாப்பாடு: 75,000
- ரோப் கார், மியூசியம், உள்ளூர் ரயில்: 50,000
- சிம், சின்னச் சின்னது, ஊருக்கு வாங்கினது: 20,000

மொத்தம்: 6,24,000 ரூபாய். கைல இருந்தது 6,32,000. 8,000 ரூபாய் மீதியோட வந்து இறங்கினோம். ஃபைனுக்கு அது பத்தல, மீதியை என் சொந்தக் கணக்குல இருந்து கட்டினேன். ஓட்டினது நான்தானே!

சாப்பாடு 75,000-ல முடிஞ்சதுக்குக் காரணம் சமையலறை இருக்கற ரூம்தான். காலையும் ராத்திரியும் நாங்களே சமைச்சோம், மதியம் மட்டும் வெளிய. ஆனா ஒண்ணு கவனிங்க. வெளிநாட்டுல இருந்து பால், இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு போக முடியாது. அம்மா கட்டி வெச்ச ஊத்துக்குளி நெய்யை வீட்டுலயே விட்டுட்டுத்தான் போனோம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் பிரச்சினையில்ல. பழங்கள்ல சர்டிஃபிகேட் இல்லாம அனுமதிக்கற ஒரு அஞ்சுல தேங்காயும் ஒண்ணு. காங்கேயத்துக்காரனுக்கு இதை விட என்ன வேணும்? ரெண்டு தேங்காய் எடுத்துட்டுப் போனோம். செல் ஆம் ஸீ ஏரிக்கரையில தேங்காய்ச் சட்னி அரைச்சோம்.

கடைசியா ஒரு விஷயம்

2025-ல கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டுச்சு. அந்தப் போர் தண்ணியில பொழச்ச மரங்கள்தான் அப்பாவுக்கு அந்த வருஷம் கை குடுத்துச்சு. ஜூன் மாசம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. ஒரு லட்ச ரூபாயை என்கிட்டக் குடுக்கல. மனைவி கையில குடுத்து, "உன்ற காசு சாமி இது. அன்னைக்கு உன்னையக் கேக்காம வாங்கிப்போட்டேன்"னாரு.

நான் அவருகிட்ட எதுவுமே சொல்லியிருக்கல. எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

டிரிப்புக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. அந்தக் காசுல நல்ல ஹோட்டலா மாத்தலாம், ஒரு வாரம் நீட்டிக்கலாம்னு எனக்கு யோசனை ஓடிட்டு இருந்துச்சு. இந்தத் தடவை நான் கேட்டேன். அவங்க சொன்னாங்க: "ஊர் கணக்குல போட்டுருங்க. அடுத்த கோடை வரும்ல." போட்டுட்டோம். ரெண்டு கையெழுத்தோட.

இன்னைக்கு ராத்திரி நீங்க ஒரு வேலை பண்ணுங்க. உங்க துணையோட உக்காந்து ஒரு பேப்பர்ல மூணு தொகை எழுதுங்க: டிரிப்புக்கு மாசம் எவ்வளவு, ஊருக்கு மாசம் எவ்வளவு, ஒருத்தரை ஒருத்தர் கேக்காம எடுக்கக்கூடாத தொகை எவ்வளவு. விமான டிக்கெட் ஆப்பை அதுக்கப்புறம் தொறந்தாப் போதும்.

அடுத்த தடவை சந்திப்போம். கவனமா செலவு பண்ணுங்க, சந்தோஷமா ஊர் சுத்துங்க!